ஒர்க்ஸ்டேஷன் கீபோர்டு வாங்கும் முன் அதில் எட்டு பார் முடித்துப் பாருங்கள்

ஒருவர் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறார், அதன் சாரம் இது. மூன்று வருடமாகக் கணினியில் இசை அமைத்து வருகிறார். தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய 88 கட்டை ஒர்க்ஸ்டேஷன் கீபோர்டை விற்கிறார், ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்கிறார். "சவுண்ட் தரமானதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? கணினி இருக்கும்போது இது தேவைதானா?" என்பது கேள்வி. போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: பாதியில் நிற்கும் பாட்டுகள் கணினியில் நாற்பதுக்கு மேல் கிடக்கின்றனவாம். எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. இந்தப் பெட்டி வந்தால் பாட்டு முடியுமா என்றுதான் கேட்கிறார். சவுண்ட் தரத்தைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மனதில் தோன்றியது விரல் வழியாக இறங்கிப் பதிவான ஒலியாக மாறுவதற்கு அந்த இயந்திரத்தில் எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அது.

நான் இருபது வருடத்துக்கு மேலாக ஒலிப்பதிவுக் கூடங்களில் கீபோர்டு வாசிக்கிறேன், டோன் புரோகிராமிங், அதாவது கீபோர்டின் வாத்திய ஒலிகளை அமைக்கும் வேலை, செய்கிறேன். பழைய கீபோர்டுகளைத் திறந்து துடைத்துச் சரிபார்க்கும் வேலையும் கூடவே ஒட்டிக்கொண்டது. என் அனுபவம் பெரும்பாலும் பாடகருக்குப் பின்னால் வாசிக்கும் இசையிலும், முழு வாத்தியக் கோர்வையைக் கீபோர்டில் எழுதுவதிலும்தான். நடன இசை செய்கிறவர்கள் வேறு விதமாக வேலை செய்கிறார்கள். அந்தப் பக்கம் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்ஸ்டேஷன் என்றால் ஒரே பெட்டிக்குள் சிந்தசைசர் (மின்னணுவில் ஒலி உருவாக்கும் பகுதி), டிரம் ஒலிகள், எஃபெக்ட் (ஒலியின் தன்மையை மாற்றும் வசதி), பல டிராக் சீக்குவென்சர் (வாசித்ததைத் தனித்தனி அடுக்காகப் பதிந்து திரும்ப ஓட்டும் பகுதி) எல்லாம் இருந்து, வேறு எதுவும் இல்லாமல் ஒரு பாட்டை அடியிலிருந்து முடிவு வரை அதிலேயே செய்ய முடிவது. இடது கையில் ஒரு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்தால் தானே பக்கவாத்தியம் வாசிக்கும் கீபோர்டு அரேஞ்சர் வகை. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், விற்பவரும் மாற்றிச் சொல்லிவிடுவார். எனவே மாடல் பெயரைக் கேட்டு அது எந்த வகை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1979-இல் வந்த ஃபேர்லைட் போன்ற கருவிகள் இந்த வேலையை முன்பே செய்தன, ஆனால் அவை சாதாரண இசைக்கலைஞருக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. 1988-இல் கோர்க் எம்1 வந்தபோதுதான் ஒர்க்ஸ்டேஷன் என்ற சொல் பரவலானது. 16 குரல் பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் எண்ணிக்கை), 8 டிராக் சீக்குவென்சர், 4 மெகாபைட் சாம்பிள் (பதிவு செய்து வைத்த வாத்திய ஒலி) நினைவகம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆள் அறைக்குள் உட்கார்ந்து முழுப் பாட்டையும் எழுதினார். அன்றைக்கு வீட்டுக் கணினியால் மிடி (எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு பலம் என்ற குறிப்பு) தகவலை அடுக்கி வைக்க முடிந்ததே தவிர, ஒலியைப் பல டிராக்காகப் பதிவு செய்ய முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த இயந்திரங்கள் வளர்ந்தன. இன்று அந்த இடைவெளி இல்லை. அதனால் 'இது தேவையா' என்ற உங்கள் கேள்வி நியாயமானது.

தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்தே மாறியிருக்கிறார்கள். யமஹா மோட்டிஃபில் பாட்டை வரிசையாகப் பதிந்து திருத்தும் முழு சீக்குவென்சர் இருந்தது. 2016-இல் அதன் வாரிசாக வந்த மான்டேஜில் அது இல்லை. சிறு துண்டுகளைப் பதிந்து சுழல விடும் பாட்டர்ன் சீக்குவென்சர் பிறகு மென்பொருள் புதுப்பிப்பில்தான் சேர்ந்தது. 2019-இல் வந்த ரோலண்ட் ஃபான்டம், சிறுசிறு துண்டுகளைக் கட்டங்களில் அடுக்கி வாசிக்கும் முறைக்கு நகர்ந்தது. ஆக, ஒர்க்ஸ்டேஷன் வரிசையைச் சேர்ந்தது என்ற பெயரை மட்டும் நம்பி உள்ளே இன்னது இருக்கும் என்று ஊகிக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வரப்போகிறது என்று சொல்லப்படும் புதுப்பிப்புக்காக எதையும் வாங்காதீர்கள். இன்றைக்கு அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் மதிப்புப் போடுங்கள்.

மதிப்புப் போடுவதற்கு, அது உங்களிடம் என்ன வேலை செய்யப் போகிறது என்று தெரிய வேண்டும். கணினியே இல்லாமல் இதிலேயே பாட்டு செய்யப் போகிறீர்களா, கணினிக்கு ஒலி கொடுக்கும் கருவியாக வைக்கப் போகிறீர்களா, மேடைக்கு எடுத்துப் போகப் போகிறீர்களா? ஒரே இயந்திரம் இந்த மூன்றுக்கும் மூன்று விதமான மதிப்பெண் வாங்கும். சீக்குவென்சர் அருமையாக இருந்து யூஎஸ்பி வழியாக ஒலி அனுப்பும் வசதி இல்லாத பழைய மாடல், முதல் வகைக்குத் தங்கம், இரண்டாம் வகைக்குத் தினசரித் தலைவலி. உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்ட வரை நீங்கள் முதல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்: யோசனையை இதில் பிடித்து, கணினியில் முடிக்க நினைக்கிறீர்கள். அந்தக் கண்ணோட்டத்திலேயே மீதியைச் சொல்கிறேன்.

சவுண்டுக்கு வருவோம். கீபோர்டை ஆன் செய்ததும் முதலில் வரும் டோன்கள் விற்பனைக்காகத் தயாரிக்கப்பட்டவை. ஒரு கட்டையைத் தொட்டால் நான்கு அடுக்கு ஒலி, அகலமான ஸ்டீரியோ, மேலே ஒலியைத் தடிமனாக்கும் கோரஸ் எஃபெக்ட், அதற்கும் மேலே ஒரு பெரிய மண்டபத்தின் ரிவர்ப் (எதிரொலி). தனியாகக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஸ்ட்ரிங்ஸ் டோனை நம்பி ஒரு கீபோர்டை வாங்கினேன். முதல் பாட்டில் அதைப் போட்டதும் பாடகியின் குரல் மூழ்கிவிட்டது. குரலை ஏற்றிப் பார்த்தோம், ஸ்ட்ரிங்ஸை இறக்கிப் பார்த்தோம். இறக்கினால் இல்லாததுபோல் ஆகிறது, ஏற்றினால் எல்லாவற்றையும் மூடுகிறது. கடைசியில் நான்கு அடுக்கில் மூன்றை அணைத்து, ரிவர்பை முழுக்க எடுத்து, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிய பிறகுதான் பாட்டுக்குள் உட்கார்ந்தது. மிஞ்சிய அந்த மெலிந்த ஒலியைத் தனியாகக் கேட்டால் யாரும் அந்தக் கீபோர்டை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் பாட்டுக்கு வேண்டியது அதுதான்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது, பலர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். தனி டோனாக வாசிக்கும்போது இயந்திரத்தின் எஃபெக்ட் முழுவதும் அந்த ஒரு டோனுக்கே கிடைக்கிறது. பல டிராக்கும் சேர்ந்து ஓடும் பாட்டு முறைக்குப் போய் பதினாறு டிராக்கில் பதினாறு டோன் வைத்தால், அதே எஃபெக்ட்களை எல்லா டிராக்குகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கோர்க் டிரைட்டனில் (1999) இன்சர்ட் எஃபெக்ட், அதாவது குறிப்பிட்ட டிராக்கில் நேராகப் போடும் எஃபெக்ட், மொத்தம் 5. ஒரு மின்கிதார் டோனே இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டால் மற்றவை வெறும் உடம்போடு நிற்கும். கோர்க் குரோனோஸில் (2011) இது 12. எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆனால் எல்லை இருக்கத்தான் செய்கிறது. 'தனியாக வாசித்தபோது நன்றாக இருந்த டோன் பாட்டில் வேறு மாதிரி கேட்கிறது' என்று பலரும் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. சோதிப்பது எளிது. உங்களுக்குப் பிடித்த நான்கு டோன்களைப் பாட்டு முறையில் நான்கு டிராக்கில் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டதுபோலவே கேட்கிறதா என்று பாருங்கள்.

ஒலியை நெருங்கிக் கேட்பதற்கு நான் எப்போதும் ஒரே வரிசையில் போவேன். எல்லா எஃபெக்ட்டையும் ஒரே அடியாக அணைக்கும் ஸ்விட்ச் அநேகமாக எல்லா மாடலிலும் பொது அமைப்புப் பக்கத்தில் இருக்கும். அதை அணைத்துவிட்டுப் பியானோவை எடுப்பேன். நடு ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்தி விடாமல் பதினைந்து இருபது விநாடி பிடிப்பேன். உண்மையான பியானோவில் ஒலி தேய்ந்துகொண்டே உள்ளுக்குள் நிறம் மாறும். சாம்பிளைச் சுருக்கி லூப் போட்ட (ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஓட விட்ட) இடத்தில் அது உறைந்துபோய், ஒரு மெல்லிய ஆர்கன் போலச் சுழலத் தொடங்கும். அந்த இடம் இரண்டாவது விநாடியில் வருகிறதா, எட்டாவது விநாடியில் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் கீழிருந்து மேலே ஒவ்வொரு கட்டையாக, வெள்ளை கருப்பு ஒன்றையும் விடாமல், ஒரே பலத்தில் வாசியுங்கள். எல்லாக் கட்டைக்கும் தனித்தனி சாம்பிள் இருக்காது, ஒன்றை இழுத்து நாலைந்து கட்டைக்குப் பரப்பியிருப்பார்கள். ஒரு சாம்பிள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நிறம் குதித்தால், மெட்டு அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் காது அங்கே போய் நிற்கும். அடுத்து ஒரே கட்டையை மிக மெதுவிலிருந்து பலமாகப் படிப்படியாக அடித்துப் பாருங்கள். மெது, நடு, பலம் என்று வெவ்வேறு சாம்பிள் மாறும் இடம் திடீரென்று தெரிந்தால், அந்தப் பியானோவில் உணர்ச்சியோடு வாசிப்பது கஷ்டம். கடைசியாக மோனோவில் கேளுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்ததும் சில ஸ்டீரியோ பியானோக்கள் உள்ளீடற்றுத் தகரம்போல ஆகிவிடும். கைபேசி ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு உங்கள் பாட்டு கிட்டத்தட்ட அப்படித்தான் போய்ச் சேரப் போகிறது.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் சாம்பிள் நினைவக அளவை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சில நிறுவனங்கள் சுருக்கி வைத்த அளவைச் சொல்லாமல், விரித்தால் எவ்வளவு வரும் என்ற கணக்கைத்தான் போடுகின்றன. 4 மெகாபைட்டுக்குள் இருந்த எம்1 பியானோ 1990-களின் ஹவுஸ் என்ற நடன இசை வகையின் அடையாளமாகவே ஆனது. இன்றைக்கும் அந்த ஒலியைத் தேடிப் போடுகிறார்கள். நிஜப் பியானோ போல இருக்கிறது என்பதற்காக அதை யாரும் போடுவதில்லை, நெரிசலான மிக்ஸைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்பதற்காகப் போடுகிறார்கள். பாலிஃபனி எண்ணை மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். 64 குரல் என்றால் 64 நோட் என்று அர்த்தம் இல்லை. ஸ்டீரியோ பியானோவுக்கு ஒரு நோட்டுக்கு 2 குரல் போகும். அதோடு இரண்டு ஸ்டீரியோ அடுக்கு கொண்ட ஸ்ட்ரிங்ஸைச் சேர்த்தால் மேலும் 4. ஒரு நோட்டுக்கு 6 ஆகிவிட்டது, 64-ஐ வகுத்தால் பத்து நோட்டுதான். சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு ஒரு ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக) வாசித்தால் பதினோராவது நோட்டில் முதலாவது காணாமல் போகும். டிரம்மும் பேஸும் இன்னும் அந்தக் கணக்கில் வரவேயில்லை. 128 குரலும் அதற்கு மேலும் உள்ள கருவிகளில் நடைமுறையில் நான் இந்தச் சிக்கலை அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இனி, முதலில் சொன்ன முக்கியமான சோதனை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, எந்த டெமோவையும் தொடாமல், எட்டு பார் பாட்டு ஒன்று செய்யுங்கள் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, பெரும்பாலும் நான்கு பீட்). டெம்போவை 90-இல் வையுங்கள். ஒரு டிரம் கிட் எடுத்து இரண்டு பார் தாளம் வாசித்துச் சுழல விடுங்கள். மேலே பேஸ், அதன் மேல் ஒரு மின்பியானோ, அப்புறம் ஒரு மெட்டு. நான்கு டிராக் போதும். இப்போது வேண்டுமென்றே பேஸில் ஒரு நோட்டைத் தப்பாக வாசித்துப் பதிவு செய்து, அந்த ஒரு நோட்டை மட்டும் திருத்தப் பாருங்கள். எத்தனை பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது, எத்தனை பொத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். நான் வேலை செய்த ஒரு இயந்திரத்தில் இதற்குப் பதினோரு அழுத்தல். இன்னொன்றில் திரையில் நோட்டைத் தொட்டு இழுத்தால் முடிந்தது. பதினோரு அழுத்தல் உள்ளதில் கொஞ்ச நாளில் நான் திருத்துவதையே விட்டுவிட்டேன், தப்பு வந்தால் அந்த நாலு பாரையும் மறுபடி வாசித்தேன். அதனால் வாசிப்பு நன்றானது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பாட்டில் நூறு திருத்தம் வரும் வேலைகளுக்கு அந்த இயந்திரத்தைக் கொண்டுபோகவே இல்லை.

எட்டு பார் முடிந்ததும் சேமியுங்கள். கீபோர்டை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். ஆன் செய்ததிலிருந்து முதல் ஒலி வரும் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பெரிய சாம்பிள்களை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும் சில மாடல்கள் இரண்டு நிமிடத்துக்கு மேலும் எடுக்கும். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் கிடைக்கும் ஆளுக்கு அது பெரிய விஷயம். சேமித்தது டோன், எஃபெக்ட், ஒலி அளவு எல்லாவற்றோடும் அப்படியே திரும்பி வருகிறதா? பழைய மாடல்கள் சிலவற்றில் பாட்டு தனியாகவும் மாற்றிய டோன்கள் தனியாகவும் சேமிக்கப்படும். ஒன்றைச் செய்து மற்றதை மறந்தால் ஒரு ராத்திரி வேலை போய்விடும். அப்படி ஒரு முறை இழந்தவர் யாரும் இரண்டாம் முறை மறப்பதில்லை. அப்புறம் அந்த எட்டு பாரை மிடி கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா, ஒலிக் கோப்பாக பென்டிரைவில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். இந்த மொத்தச் சுற்றும், அறிமுகமில்லாத இயந்திரத்தில், கையேட்டைப் பார்த்துக்கொண்டே, நாற்பது நிமிடத்தில் முடிந்தால் அது நல்ல வடிவமைப்பு.

சீக்குவென்சரின் நுணுக்கம் பற்றி ஒரு சின்ன கணக்கு. ஒரு பீட்டை அது எத்தனை துண்டாக வெட்டிப் பதிவு செய்கிறது என்பதுதான் அளவு. டெம்போ 120 என்றால் ஒரு பீட் 500 மில்லிவிநாடி. 48 துண்டு என்றால் ஒரு துண்டு 10 மில்லிவிநாடிக்கு மேல், 480 துண்டு என்றால் ஏறக்குறைய 1 மில்லிவிநாடி. கொஞ்சம் பின்தங்கி, சாய்ந்து வாசிக்கும் விரல் உள்ளவர்களுக்கு 48-இல் அந்தச் சாய்வு நேராக நிமிர்ந்துவிடும். நான் வாசித்ததைத் திரும்பக் கேட்கும்போது யாரோ வாசித்ததுபோல இருக்கும். குவாண்டைஸ் (நோட்டுகளைத் தாளத்துக்கு நேராக நகர்த்தும் வசதி) போட்டே வேலை செய்கிறவர்களுக்கு இது பொருட்டில்லை.

கணினியோடு இணைப்பதில்தான் நீங்கள் நிறைய நேரம் செலவழிக்கப் போகிறீர்கள், எனவே உங்கள் மடிக்கணினியைக் கையோடு எடுத்துப் போங்கள். யூஎஸ்பி துளை இருக்கிறது என்பது மட்டும் போதாது. சிலவற்றில் அது மிடி தகவலை மட்டும் கடத்தும், சிலவற்றில் ஒலியையும் கடத்தும், அதிலும் ஸ்டீரியோ மட்டுமா, டிராக் டிராக்காகவா என்று பார்க்க வேண்டும். நான்கு நிமிடப் பாட்டில் பதினாறு டிராக். தனித்தனி ஒலியாகக் கணினிக்குப் போக வேண்டும் என்றால், ஸ்டீரியோ மட்டும் அனுப்பும் கீபோர்டில் ஒவ்வொன்றாக ஓட விட்டு 64 நிமிடம் உட்கார வேண்டும். பல சேனல் அனுப்பும் கீபோர்டில் அதே வேலை ஒரே ஓட்டத்தில் முடியலாம். அடுத்தது டிரைவர், கணினி கருவியோடு பேச உதவும் மென்பொருள். எந்த டிரைவரும் இல்லாமலே கணினி அடையாளம் காணும் வகை என்றால் கவலை இல்லை. தனி டிரைவர் வேண்டும் என்றால், அது உங்கள் கணினியின் இப்போதைய இயங்குதளத்தில் ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்குப் புது டிரைவர் வராமலே போவது உண்டு. ஒலிக் கம்பியையும் யூஎஸ்பியையும் ஒரே நேரத்தில் சொருகி, மடிக்கணினியின் சார்ஜரைச் சொருகியும் கழற்றியும் ஹெட்போனில் கேளுங்கள். சார்ஜர் சொருகியதும் கொசு ரீங்காரம் போல ஒரு ஒலி வந்தால் அது கிரவுண்ட் லூப், அதாவது இணைப்புகளின் தரைக் கம்பிகள் வளையமாகிப் போவதால் வரும் இரைச்சல். கீபோர்டின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை, சரிசெய்ய வழி உண்டு, ஆனால் தெரிந்து வாங்குவது நல்லது.

ஒர்க்ஸ்டேஷன் கணினியைவிடத் தெளிவாக முந்தும் இடம் ஒன்று உண்டென்றால், அது விரலுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள தாமதம். கணினியில் 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு முறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துணுக்குகளின் எண்ணிக்கை) 256 என்று வைத்தால் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் 5.8 மில்லிவிநாடி. பிளக்இன் (கணினிக்குள் ஓடும் வாத்திய, எஃபெக்ட் மென்பொருள்) நிறையப் போட்டுக் கணினி திணறி, பஃபரை 1024 ஆக்கினால் 23 மில்லிவிநாடி. அதை விரல் உணரும், வாசிப்பு தடுமாறும். ஒர்க்ஸ்டேஷனில் எத்தனை டிராக் ஓடினாலும் கட்டையை அழுத்தினால் ஒலி உடனே வரும். பாதியில் நிற்கும் உங்கள் நாற்பது பாட்டில் எத்தனை பாட்டு வாசிக்கும் சுகம் போனதால் நின்றது என்று யோசித்துப் பாருங்கள். என் மாணவர்கள் சிலருக்குக் காரணம் அதுவாக இருந்தது. வேறு சிலருக்குக் காரணம் ஆயிரக்கணக்கான பிளக்இன் டோன்களுக்கு நடுவே தேடித் தேடிக் களைத்துப்போவது. அவர்களுக்கு எல்லை உள்ள ஒரு பெட்டி உதவியது. எல்லோருக்கும் உதவும் என்று சொல்ல மாட்டேன்.

பழைய கருவி என்பதால் உடம்பைப் பரிசோதிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் குமிழுக்குள் இரண்டு தொடுமுனை இருக்கும். கட்டை இறங்கும்போது முதல் முனை தொட்டு, ஒரு கணம் கழித்து இரண்டாவது தொடும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தை அளந்துதான் நீங்கள் எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று கீபோர்டு தெரிந்துகொள்கிறது. முதல் முனையில் தூசி சேர்ந்து அது தாமதமாகத் தொட்டால், இடைவெளி குறைந்து, மெதுவாகத் தொட்ட நோட்டு முழு பலத்தில் வெடிக்கும். தொடவே இல்லையென்றால் ஒலி வராது. எனவே பியானோ டோனை வைத்து ஒவ்வொரு கட்டையையும் மிக மெதுவாக, ஐந்தாறு முறை அழுத்துங்கள். பலமாக அடித்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. ஒன்றிரண்டு கட்டை இப்படி இருந்தால் பயப்பட வேண்டாம். திறந்து ரப்பர் பட்டையைக் கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான் துடைத்தவற்றில் பாதிக்கு மேல் புதிதுபோல ஆயின. 1980-90-களின் சில கீபோர்டுகளில் கட்டைக்குள் எடைக்கட்டியை ஒட்டிய பசை காலப்போக்கில் உருகி, சிவப்புக் கூழாக வழிந்து, கட்டைகளை ஒட்ட வைத்துவிடும். அழுத்திய கட்டை சோம்பலாக மேலே வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். அந்தச் சுத்தம் செய்வது நாள்கணக்கில் ஆகும் வேலை.

பிட்ச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டி விடுங்கள். ஒவ்வொரு முறையும் சுருதி சரியாக நடுவுக்கு வருகிறதா என்று இன்னொரு சுருதியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். ஆஃப்டர்டச் இருந்தால், கட்டையை அழுத்தியபின் கூடுதலாக எவ்வளவு அழுத்தினால் வேலை செய்கிறது என்று பாருங்கள். தேய்ந்துபோனதில் முஷ்டி வலிக்கும் அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும். வால்யூமை முழுக்க வைத்து எதுவும் வாசிக்காமல் ஹெட்போனில் இரைச்சலைக் கேளுங்கள். சுழலும் டயல் ஒரு படி திருப்பினால் ஒரு படிதான் நகர்கிறதா, முன்னும் பின்னும் குதிக்கிறதா? தொடுதிரையின் நான்கு மூலையையும் தொட்டுப் பாருங்கள். உள் பேட்டரி எப்போது மாற்றினார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பழைய மாடல்களில் நீங்கள் செய்த டோன்கள் அந்த ஒரு சின்ன பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. கட்டைகளின் எடையைப் பொறுத்தவரை உங்கள் விரலே முடிவு செய்யட்டும். சுத்தியல் முறை 88 கட்டை பியானோவுக்கு அருமை, ஆனால் அதில் விரலால் டிரம் வாசிப்பதும் ஆர்கன் பாணியில் உள்ளங்கையை இழுப்பதும் சுலபமில்லை. பல மாடல்களில் 20 கிலோவைத் தாண்டும் அந்த எடையையும் நினைவில் வையுங்கள்.

இதுவரை சொன்னவற்றை நீங்களே அங்கே சோதித்துப் பார்த்துவிடலாம். வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாகப் பேச எனக்குத் துணிவில்லை. இயந்திரத்திலிருந்து வரும் ஒலி பிளக்இன் ஒலியைவிட 'கனமானது' என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது. ஒலி அளவைச் சமமாக்கி, எது எது என்று தெரியாமல் கேட்டபோது என்னால் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்ல முடியவில்லை. தோன்றிய கனத்தில் ஒரு பங்காவது, கைக்குக் கீழே இருந்த கட்டையும் கண்முன் இருந்த பெட்டியும் கொடுத்ததாக இருக்கலாம். அதனால் அந்த ஒரு காரணத்துக்காக வாங்கச் சொல்ல மாட்டேன்.

சரி, உங்கள் ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது? முதல் பத்து நிமிடம் கட்டைகளுக்கும் சக்கரங்களுக்கும், ஏனென்றால் அங்கே பெரிய கோளாறு இருந்தால் மீதியைப் பார்க்கத் தேவையில்லை. அடுத்த பத்து நிமிடம் எஃபெக்ட்டை அணைத்துப் பியானோ, பேஸ், டிரம், ஸ்ட்ரிங்ஸ் நான்கு மட்டும். பிறகு நாற்பது நிமிடம் எட்டு பார். அந்த எட்டு பாருக்குப் புது மெட்டு யோசிக்க வேண்டாம். பாதியில் நிற்கும் நாற்பதில் உங்களுக்கு மிகவும் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, அது எந்த இடத்தில் நின்றதோ அதற்கு முந்தைய பதினாறு பாரை மடிக்கணினியில் எடுத்துப் போங்கள். அதை ஓட விட்டு, அடுத்த எட்டு பாரை அந்தக் கீபோர்டில் வாசியுங்கள். கிளம்பும்போது அந்த எட்டு பார் ஒலிக் கோப்பாக உங்கள் பென்டிரைவில் இருக்கட்டும். இரண்டு நாள் கழித்து வீட்டில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.